சொல்லெல்லை காணும் குழவி: புள்ளியியற் கற்றல் கொள்கையும் தமிழ்ப் புணர்ச்சியும்

திறவுச்சொற்கள்: குழந்தை மொழிப்பேறு, சொல்லெல்லை, அசை, புணர்ச்சி, தொல்காப்பியம், திருநாதர்குன்று

செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தமையைக் குறிக்கும் கல்வெட்டு ஒன்று உள்ளது. தமிழ் பிராமியிலிருந்து வட்டெழுத்து உருவான படிநிலையைக் காட்டுவதென அதனைக் கல்வெட்டறிஞர் பெரிதும் போற்றுவர். இங்கு நமக்கு வேண்டுவது அதன் எழுத்தமைதியன்று. சொற்களுக்கிடையே இடம்விடாது செல்லும் அதன் தொடரே. ஐம்பத்தேழு, அனசனம் (உண்ணாநோன்பு) என்னும் இரு சொற்களும் அதில் ஒன்றி நிற்கின்றன. முதற்சொல்லின் உகரம் கெட, எஞ்சிய ழகர மெய்யின்மேல் அகரம் ஏறி 'ழ' ஆகிறது. சொல்லெல்லை இரண்டு எழுத்துகளுக்கிடையே இல்லை. ஓர் உயிர்மெய்யின் உள்ளே புதைந்துவிட்டது. படிப்பவர் அதனைப் பிரித்தறிவது இரு சொற்களையும் முன்னரே அறிந்திருப்பதால்தான். எச்சொல்லையும் அறியாத குழந்தை, இதேபோல் இடைவெளியின்றிச் செவியில் விழும் பேச்சினை எவ்வாறு பிரிக்கிறது?

இவ்வினாவுக்கு இன்று பெரிதும் எடுத்தாளப்படும் விடை, ஜென்னி சாஃப்ரன், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் ஆகியோர் 1996-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வாகும். துபிரோ, கோலபு, பிடகு, படோடி என்பன போன்ற பொருளற்ற மூவசைச் சொற்கள் நான்கினை, ஏற்ற இறக்கமோ இடைநிறுத்தமோ இல்லாத செயற்கைக் குரலில் இரண்டே நிமிடம் எட்டு மாதக் குழந்தைகளுக்கு ஒலிக்கச் செய்தனர். 'து'வை அடுத்து எப்போதும் 'பி' வரும், நிகழ்தகவு 1. 'ரோ'வை அடுத்தோ ஏனைய மூன்று சொற்களுள் ஒன்றன் முதலசை வரும், நிகழ்தகவு 0.33. நிகழ்தகவு வீழும் இடமே சொல்லெல்லை. பின்னர்ச் சோதித்தபோது, கேட்ட சொற்களைவிட, சொல்லெல்லையைத் தாண்டி அமைந்த அசைக்கோவைகளைக் குழந்தைகள் நெடுநேரம் செவிமடுத்தனர். அவை அவர்களுக்குப் புதியனவாகத் தோன்றின என்பது பொருள். குழந்தையின் செவி எண்ணிக்கையறிவு உடையது என்பதை இவ்வாய்வு ஐயமற நாட்டியது. அதில் எனக்கு மறுப்பில்லை.

மறுப்பு, அது எதனை எண்ணுகிறது என்பதில் எழுகிறது. இச்சோதனையில் ஒவ்வொரு சொல்லெல்லையும் அசையெல்லையாகவும் இருக்குமாறு ஒலித்தொடர் புனையப்பட்டது. எல்லாச் சொற்களும் மூவசை. ஈரசைச் சொல்லும் மூவசைச் சொல்லும் கலந்து வந்தபோது குழந்தைகளால் பிரிக்க இயலவில்லை என எலிசபெத் ஜான்சனும் மைக்கேல் டைலரும் 2010-இல் காட்டினர். தமிழில் சிக்கல் அதனினும் ஆழமானது. செஞ்சியின் வெள்ளிக்கிழமைச் சந்தை ஆட்டு வணிகத்திற்குப் பெயர்பெற்றது. அங்கு ஒரு குழந்தையின் செவியில் 'ஆடு' என்னும் சொல் எவ்வாறு விழும் என எண்ணிப் பார்க்கலாம். நாலாடு, அஞ்சாடு, எட்டாடு, பத்தாடு, அந்தாடு, பெரியாடு. அசைகளாக எண்ணினால் 'டு'வின் முன் வருவன லா, சா, டா, தா, யா. 'ஆ' என்னும் அசை ஓரிடத்தும் இல்லை. வேற்றுமை ஏற்றால் டகரமும் இரட்டித்து ஆட்டை, ஆட்டுக்கு என்றாகும். அசையை அலகாகக் கொள்ளும் கணக்கு, 'ஆடு' என்றொரு சொல் உண்டென்றே காணாது. ஒலியன்களை அலகாகக் கொண்டாலோ ஆகாரமும் அதனை அடுத்த டகரமும் எல்லாவற்றிலும் நிலைபெற்று நிற்கின்றன. மெய், உயிர் ஆகிய ஒலியன்களுக்கிடையேயான தொடர்பையும் கேட்போர் பற்றுவர் என்பதை நியூபோர்ட்டும் ஆஸ்லினும் 2004-இல் காட்டினர். ஆயினும் அச்சோதனைக்கு உட்பட்டோர் வயதுவந்தோர்.

தொல்காப்பியம் இச்சிக்கலை நேராகவே எதிர்கொள்கிறது. எழுத்தால் ஒன்றாக நின்று பொருளால் வேறுபடும் புணர்ச்சிகள் இசையால் வேறுபடுத்தப்படும் எனப் புணரியலின் இறுதியில் ஆசிரியர் விதிக்கிறார். அதற்கு உரையாசிரியர் காட்டும் 'செம்பொன்பதின்தொடி' என்னும் எடுத்துக்காட்டு நன்கு அறியப்பட்டது. செம்பொன் பதின்தொடி எனப் பிரித்தால் எல்லை அசையின் இறுதியில் அமையும். செம்பு ஒன்பதின்தொடி எனப் பிரித்தால் 'பொ'வின் நடுவே விழும். 1996-ஆம் ஆண்டுச் சோதனையின் அசைக்கணக்கால் முதற்பிரிப்பை மட்டுமே எண்ண முடியும். இரண்டாவது அதன் கற்பனைக்குள் வாராது. தொல்காப்பியர் துணைக்கழைக்கும் இசையோ, அச்சோதனையில் வேண்டுமென்றே அகற்றப்பட்ட ஒன்று.

இதனைக் கொண்டு 'இக்கால அறிவியல் கண்டதைத் தொல்காப்பியர் அன்றே உரைத்தார்' என எழுதிவிடும் வழக்கம் நம் ஆய்வுலகில் உண்டு. அது தொல்காப்பியருக்கும் நன்றன்று, குழந்தைக்கும் நன்றன்று. மொழிமரபு கூறும் மொழிமுதல் எழுத்துகள் மொழியறிந்தார் வழக்கின் வரையறை; கற்கும் செயலின் வரலாறு அன்று. மேலும், ட, ர, ல முதலியன மொழிக்கு முதலாகா என்னும் வரையறை, ரெண்டு, ரோடு, டீ, லாரி எனக் கேட்டு வளரும் இன்றைய குழந்தைக்கு முழுவிதியாக நில்லாது. பெரும்பான்மை, சிறுபான்மை என்னும் அளவாகவே அதன் செவிக்கு எட்டும். விதி தளர்ந்த இடத்தில்தான் புள்ளியியலுக்கு உண்மையான வேலை தொடங்குகிறது. இவ்வகையில் சாஃப்ரன் குழுவினரின் கொள்கை தமிழுக்கு இன்றியமையாதது என்றே கூறுவேன். திருத்தம் வேண்டுவது அதன் அலகுக்கே.

வீட்டுப்பேச்சு குழந்தைக்கு வேறொரு துணையும் செய்கிறது. பாப்பா, தாத்தா, மம்மு, தாச்சு என மெய் இரட்டித்த ஈரசைச் சொற்கள் தனித்தும் அடுக்கியும் வருகின்றன. இவை புணர்ச்சிக்கு உட்படாது முதலில் பிடிபடும் ஊன்றுகோல்கள் ஆகலாம். தம் பெயரையும் தாயைக் குறிக்கும் சொல்லையும் அறிந்த ஆறு மாதக் குழந்தைகள் அவற்றை அடுத்து வரும் சொல்லைப் பிரித்துணர்வதை ஹெதர் போர்ட்ஃபெல்ட் குழுவினர் 2005-இல் ஆங்கிலத்தில் கண்டனர்.

உலக மொழிகளுள் ஏறத்தாழ 1.5 விழுக்காட்டிற்கே குழந்தை மொழிப்பேறு குறித்த ஆய்வு முதன்மை இதழ்களில் வெளிவந்துள்ளதென 2022-இல் கிட், கார்சியா ஆகியோர் கணக்கிட்டனர். பிறமொழிக் குழந்தைகளின் அளவுகோலை எடுத்துக்கொண்டு, ஒரு தமிழ்க் குழந்தை சொல்லறிவில் பிந்தியது என முடிவுகட்டும்போது நேரும் பிழை ஏட்டளவில் நிற்பதன்று. அக்குழந்தையின் பெற்றோர் சுமக்க வேண்டியது. செய்யவேண்டிய சோதனை எளியது. நாலாடு, அந்தாடு, பெரியாடு எனப் புணர்ந்த தொடர்களை எட்டு மாதத் தமிழ்க் குழந்தைகளுக்கு இயல்பான குரலில் கேட்கச் செய்து, பின்னர் 'ஆடு', 'தாடு' என்னும் இரண்டையும் தனித்தனியே ஒலித்து, செவிமடுக்கும் நேரத்தை அளத்தல் வேண்டும். 'ஆடு' அறிந்த சொல்லாகவும் 'தாடு' புதியதாகவும் கொள்ளப்பட்டால் குழந்தையின் கணக்கு அசையின் உள்ளே புகுகிறது எனலாம். மாறாக 'தாடு' அறிந்ததாகக் கொள்ளப்பட்டால், எட்டாம் மாதத்தில் அது அசையளவில் நிற்கிறது என்பதும், புணர்ச்சியைப் பிரிக்கும் திறன் பின்னரே வருகிறது என்பதும் பெறப்படும்.