நாடா இருக்கிறது, உருளை எங்கே?

கணிப்பொறியில் சேர்த்து வைத்த செய்திகள் அழியாமலிருக்க என்ன வழி? "பிரதி எடுத்து வை" என்றே எல்லோரும் சொல்வார்கள். இந்த விடை தவறன்று. ஆனால் இது பாதி விடையே. பிரதி எடுத்த காந்த நாடாவை மீண்டும் படிக்க ஒரு பொறி வேண்டும். அப்பொறியில் சுழலும் பாகங்கள் உண்டு, சுழல்வதெல்லாம் தேயும். பொறி கெட்டுவிட்டால், நாடா நன்றாக இருந்தும் அது வெறும் பிளாஸ்டிக் சுருள்தான். இதை உலகுக்கு எடுத்துக்காட்டிய ஒரு முயற்சியை இங்கே சீர்தூக்கிப் பார்ப்போம்.

நிலாப் படங்களின் மீட்சி

1966, 1967 ஆம் ஆண்டுகளில் அமெரிக்கா ஐந்து 'லூனார் ஆர்பிட்டர்' கலங்களை நிலாவைச் சுற்றிவர அனுப்பியது. மனிதன் இறங்கத் தகுந்த இடம் தேடுவதே நோக்கம். அக்கலங்கள் பிலிமில் படமெடுத்து, தாமே அதைக் கழுவி, ரேடியோ அலைகளாக மாற்றிப் புவிக்கு அனுப்பின. புவியில் அவை 2 அங்குல அகலமுள்ள காந்த நாடாக்களில் பதிவாயின. பதிவு செய்த பொறியின் பெயர் ஆம்பெக்ஸ் எப்.ஆர்.-900.

ஏறத்தாழ 1,500 நாடாக்கள் பல்லாண்டுகள் காப்பகங்களில் கிடந்தன. அவை அழிந்துவிடாமல் காத்தவர் நான்சி எவன்ஸ் என்ற அம்மையார். அதனினும் பெரிய செயல் ஒன்றையும் அவர் செய்தார். வேண்டாமெனக் கழிக்கப்பட்ட அலமாரியளவு எப்.ஆர்.-900 பொறிகளை வாங்கித் தம் வீட்டுக் கார்க் கொட்டகையில் வைத்துக் காத்தார். பின்னர் டென்னிஸ் விங்கோ, கீத் கவிங் ஆகியோர் அப்பொறிகளை நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்குக் கொண்டுவந்து, மூடிக் கிடந்த ஓர் உணவகக் கட்டடத்தில் பழுதுபார்த்தனர். 2008 நவம்பரில் முதற் படம் வெளிவந்தது. 1966-இல் நிலாவுக்கு அருகிலிருந்து எடுத்த புவியின் படம், முன்பு அச்சானதைவிடத் தெளிவாக மீண்டது.

இது பாராட்டுக்குரிய பணி. ஆயினும் இரு குறைகளைச் சுட்டத்தான் வேண்டும். முதலாவது, இவ்வெற்றி திட்டமிட்டு வந்ததன்று. ஒருவரது பிடிவாதத்தால் வந்தது. கொட்டகையில் இடமில்லாமற் போயிருந்தால் படங்களும் போயிருக்கும். இரண்டாவது, ஒரு பொறியை இயக்க மற்றவற்றின் பாகங்களைக் கழற்றினர். அவசரத்தில் இது சரியே. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு பொறி குறைகிறது. தேய்ந்த பாகத்தைப் புதிதாகச் செய்யக் கற்பதே நிலையான வழி.

பசையாகும் ரப்பர்

அப்படிச் செய்ய முடியுமா? எளிய பொறியொன்றைப் பாருங்கள். 1980-இல் வெளிவந்த எச்.பி.-85 கணிப்பொறியில் ஒரு சிறு நாடாப் பேழை உண்டு. மோட்டாரின் அச்சிலுள்ள மென்மையான உருளை, பேழையின் சக்கரத்தை உராய்ந்து சுழற்றும். சக்கரம் ஒரு பட்டையை இழுக்கும். பட்டை நாடாவை நகர்த்தும். காலப்போக்கில் அவ்வுருளை கரும்பசைபோல் இளகிவிடுகிறது. இத்தகைய பாகங்களுக்குப் பயன்படும் பாலியூரித்தேன் வகைகள் காற்றின் ஈரத்தால் சிதைவதுண்டு. பொறியை இயக்காமல் பூட்டி வைத்தாலும் இந்நோய் வரும்.

பழுதுபார்ப்போர் பசையைச் சுரண்டி நீக்கி, சிலிக்கான் குழாயையோ ரப்பர் வளையங்களையோ மாட்டுகின்றனர். பொறி ஓடுகிறது. ஆனால் "ஓடினால் போதும்" என்று நிறுத்திவிடலாமா?

கணக்கிட்டுப் பாருங்கள். உருளையின் விட்டம் 10 மி.மீ. என்று கொள்வோம். புதிதாக மாட்டியது 9.5 மி.மீ. ஆனால், மோட்டார் அதே வேகத்தில் சுழன்றாலும் நாடா 5 சதவீதம் மெதுவாகவே நகரும். மையம் 0.1 மி.மீ. விலகினால், ஒவ்வொரு சுற்றிலும் வேகம் 2 சதவீதம் கூடியும் குறைந்தும் ஆடும். ஒரே சீராக மெதுவானால் படிக்கும் மின்சுற்று ஓரளவு ஈடுகொடுக்கும். ஆட்டத்தைச் சமாளிப்பது கடினம். ஆகவே அளவு எழுதப்படாத பழுதுபார்ப்பு அரைகுறையானதே.

கோவைக்குத் தெரிந்த வித்தை

கொங்கு நாட்டு வாசகர்களுக்கு இது புதிதன்று. நூற்பாலையின் ரிங் பிரேமில், இழைகளை இழுக்கும் மேல் உருளைகளுக்கு ரப்பர் உறை உண்டு. ஆலையில் அதைக் 'காட்ஸ்' என்பார்கள். ஓட ஓட அதில் பள்ளம் விழும். உடனே அதைத் தூக்கி எறிவதில்லை. அரைவைப் பொறியில் மெல்லிய படலத்தைச் சீவி, விட்டத்தை அளந்து, ஒத்த அளவினவற்றைச் சேர்த்து மாட்டுகிறார்கள். இதுவே 'பஃபிங்'.

28 மி.மீ. விட்டமுள்ள முன் உருளை மையம் தவறிச் சுழன்றால், அதன் சுற்றளவாகிய 88 மி.மீ.க்கு ஒருமுறை நூல் தடித்தும் மெலிந்தும் வரும். நூலில் தெரியும் இக்குறையும் நாடாவில் வரும் ஆட்டமும் ஒரே நோய்தான். 1956-இல் கோவையில் தோன்றிய சிட்ரா போன்ற ஆய்வு நிலையங்கள் நூலின் சீர்மையை எண்ணால் அளக்கப் பழக்கியுள்ளன. அந்த ஒழுங்குதான் கணிப்பொறிக் கூடங்களில் இல்லை.

நாம் செய்ய வேண்டியது

காந்த நாடாவின் காலம் போய்விட்டது என்று எண்ணாதீர்கள். பெரும் தரவுக் கூடங்கள் இன்றும் எல்.டி.ஓ. வகை நாடாக்களை நம்புகின்றன. 2000-இல் வந்த முதல் தலைமுறை எல்.டி.ஓ. நாடாவை நான்காம் தலைமுறைப் பொறி படிக்காது. எனவே பழைய பொறியை ஆக்கர்க்கடைக்கு அனுப்புமுன் அதன் நாடாக்கள் எல்லாம் புதியவற்றுக்கு மாறிவிட்டனவா என்று கேளுங்கள்.

மாணவர்களே, உங்கள் கல்லூரியில் ஒரு பழைய நாடாப் பொறி கிடந்தால் அதைத் திறந்து பாருங்கள். உருளை இளகாமலிருக்கும்போதே அதன் விட்டம், நீளம், கடினத்தன்மை மூன்றையும் அளந்து ஏட்டில் எழுதுங்கள். பசையான பின் அந்த அளவை யாரிடம் கேட்பீர்கள்? எழுதி வைத்த அளவு இருந்தால், நம்மூர்ப் பட்டறைகளில் லேத் பிடிக்கத் தெரிந்த எவரும் அவ்வுருளையை மீண்டும் செய்துவிடுவார்.