புள்ளிகளுக்கு நடுவே ஒரு விராலடிப்பான்

பறவை வலசை பற்றிய இரண்டு ஆங்கிலப் புத்தகங்களை அடுத்தடுத்துப் படித்தேன். ஒன்று டேவிட் கெஸ்னரின் ‘சோரிங் வித் ஃபிடல்’, 2007இல் வந்தது. இன்னொன்று ராப் பியரெகார்ட் எழுதி 2018இல் வெளியான ‘பெல்ஸ் ஜர்னி’ என்ற சிறுவர் நூல். இரண்டிலும் நாயகன் ஆஸ்ப்ரேதான். தமிழில் விராலடிப்பான். மலாயில் லாங் தீராம், அதாவது சிப்பிப் பருந்து. மீனையே நம்பி வாழும் பறவைக்குச் சிப்பி எங்கிருந்து ஒட்டிக்கொண்டதோ, இந்த விஷயத்தில் என் ஓட்டு தமிழ்ப் பெயருக்கு.

பியரெகார்ட் விஞ்ஞானி. அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில், மார்த்தாஸ் வின்யார்ட் தீவில், இளம் விராலடிப்பான்களின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தியவர். ஒன்றரைக் கிலோ பறவைக்குச் சுமார் 30 கிராம் சுமை. கருவி சூரிய ஒளியில் இயங்குகிறது. டெஃப்லான் பட்டையால் கட்டி, பருத்தி நூலால் தைத்துவிடுவார்கள். நூல் இற்றுப்போகும் காலத்தில் கருவி தானாகக் கழன்று விழ வேண்டும் என்பது கணக்கு. மணிக்கொரு முறை இருப்பிடத்தைக் குறித்துவைத்து, சில நாட்களுக்கு ஒருமுறை மொத்தமாக அனுப்பும். வரைபடத்தில் நாம் பார்க்கும்போது பறவை அந்த இடத்தை விட்டு எப்போதோ போயிருக்கும்.

லோரிகளில் பொருத்தும் ஜிபிஎஸ் கருவிகளோடு மல்லுக்கட்டுவது என் வேலை. அதனால் இந்த வரைபடங்களைப் பார்த்ததும் கோட்டின் மீதுதான் சந்தேகம் வரும். தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும் வளைவுகளில் சிக்னல் போய்விட்டால், மென்பொருள் இரண்டு புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைத்துவிடும். காட்டுக்கு மேல் லோரி பறந்துபோன மாதிரி இருக்கும். புள்ளி மட்டும்தான் தகவல். கோடு நாம் போடுவது.

‘பெல்ஸ் ஜர்னி’ அந்தக் கோட்டின் மீது எழுதப்பட்ட புத்தகம். பெல் என்ற இளம் பறவை முதல் முறையாக பிரேசில் வரை போய்த் திரும்புகிறது. திரும்புகிறாள் என்று எழுத வேண்டுமோ? பெயர் வைத்தவுடன் ‘அது’ ‘அவள்’ ஆகிவிடுகிறது. கேட் கார்ச்சின்ஸ்கியின் ஓவியங்களும் அந்த வேலையைச் செய்கின்றன. இதில் எனக்குக் குறையில்லை. விராலடிப்பான் குஞ்சுக்கு வழிகாட்ட அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. ஆளுக்கொரு நாளில் தனித்தனியாகக் கிளம்புகிறார்கள். குஞ்சு எந்த வழியையும் முன்பின் பார்க்காமல் தெற்கே திரும்புகிறது. இதற்கு மேல் நாடகம் எதற்கு?

குறை வேறு இடத்தில். குஞ்சுகளில் பாதிக்கு மேல் முதல் வருடத்தைத் தாண்டுவதில்லை. திரும்பி வந்த பறவையைத் தேர்ந்தெடுத்து நாயகியாக்கும்போது, பாதி வழியில் நின்றுபோன கோடுகளின் கணக்கு மங்கிப்போகிறது. சிறுவர் நூல், அதனால் மன்னிக்கலாம் என்பார்கள். சாவைப் பற்றி சிறுவர்களுக்குத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு லோரியின் புள்ளி நெடுஞ்சாலை ஓரத்தில் நாலு மணி நேரம் அசையவில்லை. ‘ஓட்டுநர் தூங்கியிருக்கலாம்’ என்று ரிப்போர்ட் எழுதியவன் நான். மேலே போகிற வழியில் அந்த ‘கலாம்’ உதிர்ந்துவிட்டது. அந்த மாத அலவன்ஸைப் பிடித்துவிட்டார்கள். பின் டயர் வெடித்து, கைபேசி செத்து, மனுஷன் வெயிலில் உதவிக்கு நின்றிருக்கிறார். பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

“நீங்க வந்து பாத்தீங்களா தம்பி?”

கெஸ்னரை நான் படித்தது இந்தக் கேள்வியோடுதான். பிபிசி குழு ஒன்று கருவி பொருத்திய பறவைகளைப் படமெடுக்கப் பின்தொடர்ந்தபோது, இவர் காரை எடுத்துக்கொண்டு கிழக்குக் கரையோரமாகத் தெற்கே இறங்குகிறார். பறவை எங்கே இருக்கிறது என்று இவருக்கு நிச்சயமாகத் தெரியாது. அதனால் இவருடைய பக்கங்களில் ‘கலாம்’ நிறைய. எரிச்சலும் வருகிறது. தன்னைப் பற்றிய பேச்சு கொஞ்சம் அதிகம். சில அத்தியாயங்களில் விராலடிப்பானைத் தேடி நாம்தான் அலைய வேண்டியிருக்கிறது. ஆனால் கியூபாவின் சியரா மாயெஸ்த்ரா மலைத்தொடரில் லா கிரான் பியேத்ரா என்ற பாறைக்குப் போய் நிற்கிறார். அங்கே கடந்துபோகும் பறவைகளை வருடாவருடம் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கும் கியூபர்களைச் சந்திக்கிறார். செயற்கைக்கோளுக்குத் தெரிவது கருவி கட்டிய சில பறவைகள்தான். கருவியில்லாத மற்ற பறவைகள் பலவும் அந்தப் பாறையைத் தாண்டிப் போகின்றன.

இரண்டு புத்தகங்களுக்கும் பொதுவான பலவீனம் ஒன்று உண்டு, பயண மோகம். 2008இல் மார்த்தாஸ் வின்யார்டிலிருந்து கிளம்பிய ஒரு விராலடிப்பான் 13 நாட்களில் 2,700 மைல் கடந்து பிரெஞ்சு கயானாவை அடைந்தது. எல்லோரும் சொல்லி மகிழும் எண் இது. ஆனால் தெற்கே போய்ச் சேர்ந்த இளம் பறவை அடுத்த வசந்தத்தில் திரும்புவதில்லை. ஏறக்குறைய ஒன்றரை வருடம் அங்கேயே தங்குகிறது. வரைபடத்தில் அந்தக் காலம் ஒரு நதி வளைவில் புள்ளிகள் குவிந்து, சிக்கல் விழுந்த நூல் மாதிரி கிடக்கும். பறவையின் இளமை முழுவதும் அந்தச் சிக்கலுக்குள்தான். அதை எழுதும் பொறுமை இந்த வகை எழுத்துக்கு இன்னும் வரவில்லை.

அக்கா மகளுக்கு பெல்லைத்தான் வாங்கிக் கொடுத்தேன். கெஸ்னரைப் படிக்க அவளுக்கு வயது போதாது. படித்து முடித்துவிட்டு போன் செய்தாள்.

“மாமா, அது பிரேசில்ல எவ்ளோ நாள் இருந்துச்சு?”

“ஒன்றரை வருஷம் மாதிரி.”

“அங்க என்னா செஞ்சுச்சு?”

“மீன் பிடிச்சுச்சு. மரத்துல உக்காந்துச்சு.”

“ஒரே மரத்துலயா?”

தெரியாது என்றேன்.