விலையுள்ள அரிதும் விலையில்லாத அரிதும்

ஓர் இசைத்தட்டுக்கு எவ்வளவு பணம் கொடுக்கலாம்? ரொறன்ரோவிலோ பாரிசிலோ கேட்டால் இது இரசனை சம்பந்தமான கேள்வி. சோனாப்பூரில் கேட்டால் கூலி சம்பந்தமான கேள்வி. இரண்டு இடங்களிலும் கேட்பவர்கள் எம்மவர்களே என்பதால் இரண்டையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது.

சோனாப்பூர் என்றால் இந்தியில் தங்க ஊர் என்று பொருள். டுபாயின் வரைபடத்தில் இந்தப் பெயரைக் காண முடியாது. முஹைஸ்னா என்றுதான் போட்டிருப்பார்கள். அல் குசைசுக்கு அப்பால், சார்ஜா எல்லையை அண்டி, வரிசை வரிசையாகத் தொழிலாளர் விடுதிகள். கட்டிட வேலை செய்பவர்கள், துப்புரவு செய்பவர்கள், எம்மைப் போல உணவகங்களில் கோப்பை கழுவி வெங்காயம் உரிப்பவர்கள் என்று பலரும் இங்கு படுத்தெழும்புகிறோம். ஐக்கிய அரபு அமீரகம் 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தில் கையொப்பமிடாத நாடு. ஆகவே எதற்குப் பயந்து ஊரை விட்டு வந்திருந்தாலும் இங்கே நாம் வேலை விசாக்காரர் மட்டுமே. எமது மாதச் சம்பளம் ஆயிரம் திர்ஹாமைச் சுற்றித்தான் நிற்கிறது. ஒரு டொலருக்கு 3.67 திர்ஹாம் என்ற கணக்கில் அது 270 டொலர் வரும்.

இந்தச் சம்பளத்தில் எம்முடன் இருக்கும் ஒருவர், 1980களில் வெளிவந்த இளையராஜாவின் எல்.பி. தட்டு ஒன்றை 600 திர்ஹாம் கொடுத்து வாங்கினார். தட்டைச் சுழற்றிக் கேட்கும் கருவி அவரிடம் இல்லை. எட்டுப் பேர் படுக்கும் அறையில் அதை வைக்க இடமும் இல்லை. தட்டு நெளியாமல் இருக்க நிமிர்த்தி வைக்க வேண்டும், வெயில் படக் கூடாது என்பதால் சூட்கேசுக்குள் இரண்டு சேட்டுகளுக்கு நடுவில் நிறுத்தி வைத்திருக்கிறார். அறையில் பலர் சிரித்தார்கள். ஊரிலிருந்து தாயார் தொலைபேசியில், "மோனை, உந்தக் காசுக்குக் கிணத்துக்குக் கட்டுக் கட்டியிருக்கலாமே" என்றார். அவரிடம் காரணம் கேட்டோம். "எங்கட வீட்டில இருந்த அதே தட்டு அண்ணை. அதே அட்டை" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

அந்தச் சிரிப்பையும் இந்தப் பதிலையும் விளங்கிக்கொள்ள முயல்வதே எமது நோக்கம்.

முதலில், இறக்குமதி என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். இறக்குமதித் தட்டுக்குக் காசைக் கொட்டுவது இந்தக் காலத்துப் பணக்காரப் பழக்கம் என்று நினைக்கிறோம். எமது பக்கத்தில் இசைத்தட்டு என்பது பிறக்கும்போதே இறக்குமதிப் பண்டம்தான். 1902இல் கிராமபோன் கம்பனியின் பிரெட் கைஸ்பேர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலானோரைப் பதிவு செய்தார். பதிந்த மூலத் தட்டுகள் கப்பலேறி ஜேர்மனியின் ஹனோவர் நகருக்குப் போயின. அங்கே அச்சாகி, விற்பனைத் தட்டுகளாகத் திரும்பி வந்தன. கல்கத்தாவில் தொழிற்சாலை திறந்தது 1908இல்தான். அந்தக் காலத்துத் தட்டுகளின் முக்கிய மூலப்பொருள் அரக்கு. அரக்கு இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான சரக்கு. ஆக, சொந்த அரக்கையும் சொந்தக் குரலையும் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டு, இரண்டையும் சேர்த்து விலை கொடுத்து வாங்கினார்கள். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடமளவு இசைதான் அடங்கும். கோயில் வீதியில் மணிக்கணக்காக விரிந்த ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை நிமிடக் கணக்காகச் சுருக்கித்தான் தட்டில் ஏற்ற முடிந்தது. அதையும் சனம் தேடித் தேடி வாங்கியது.

இலங்கையில் 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. அக்காலத்தில் பாட்டு என்றால் பெரும்பாலானவர்களுக்கு இலங்கை வானொலிதான். 1977க்குப் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. கூடவே வளைகுடாவின் கதவும் அகலத் திறந்தது. மத்திய கிழக்கிலிருந்து விடுமுறையில் வருபவரின் தோளில் ரேப் றெக்கோடரும் றேடியோவும் ஒன்றாய்ச் சேர்ந்த 'டூ இன் வண்' பெட்டி தொங்கியது. வெளிநாட்டுக் காசு ஊருக்குள் வந்ததை அயலவர்கள் கண்ணால் காண்பதற்கு முன் காதால் கேட்டார்கள். யாழ்ப்பாணத்து ரெக்கோடிங் பார்களில் துண்டில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்து, வெற்றுக் கசெற்றில் பதிவித்து வாங்குவது ஒரு தலைமுறையின் செலவுப் பழக்கமாயிற்று. அதையும் வீண் செலவு என்று திட்டிய பெரியவர்கள் இருந்தார்கள். பிறகு அவர்களே அந்தப் பெட்டியின் முன்னால் குந்தியிருந்து பாட்டுக் கேட்டார்கள்.

1990இல் பொருளாதாரத் தடை வந்தது. பற்றரி வடக்குக்குப் போக முடியாத பொருளாயிற்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோவும் கசெற்றும் கேட்டார்கள். ஒருவர் சுற்ற மற்றவர்கள் கேட்பார்கள். சுற்றும் கை களைத்தால் பாட்டு இழுபடும். செய்தி கேட்பதற்காகத் தொடங்கிய வேலைதான். செய்தி முடிந்த பின்னும் ஒரு பாட்டுக்காகச் சுற்றினார்கள். ஒரு பாட்டின் விலை என்ன என்று அப்போது அவர்களிடம் கேட்டிருந்தால் பதில் ரூபாவில் வந்திராது.

1995 ஒக்ரோபர் 30இல் யாழ்ப்பாணம் ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. நாவற்குழிப் பாலத்தில் நெரிபட்டவர்களின் தலையில் அரிசியும் உடுப்பும் இருந்தன. இசைத்தட்டைச் சுமந்தவர்கள் அருமை. எமது தலைமுறை 2009இல் முள்ளிவாய்க்காலைக் கடந்தபோது கையில் இருந்தது பொலித்தீனில் சுற்றிய அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும்தான். அலுமாரியில் விட்டுவந்த பாட்டைப் பற்றி அழ அன்று யாருக்கும் உரிமை இருக்கவில்லை. அழுவதற்கு ஆட்கள் இருந்தார்கள்.

ஆகவே 600 திர்ஹாம் கொடுத்தவரை நோக்கிக் கை நீட்டுவது இலகுவான காரியமாக எமக்குப் படவில்லை. கல்யாண வீட்டு மண்டபத்துக்கும் சாமத்தியச் சடங்கின் ஹெலிகொப்ரருக்கும் கோயில் திருவிழாவின் வாணவேடிக்கைக்கும் போகும் காசை நாம் கணக்குப் பார்ப்பதில்லை. ஐரோப்பாவிலும் கனடாவிலும் சென்னையிலிருந்து பாடகர்களையே இறக்குமதி செய்து இசை இரவு வைக்கிறோம். அதற்குக் கொடுக்கும் ரிக்கற் விலை செலவாகத் தெரிவதில்லை. நாலு பேர் காணச் செய்யும் செலவுக்குக் கௌரவம் என்று பெயர். ஒருவன் தனியே தனக்காகச் செய்தால் மட்டும் அது ஊதாரித்தனம். தொழிலாளிக்குப் பசி மட்டும்தான் இருக்க முடியும், இரசனை இருக்கக் கூடாது என்ற எண்ணமும் அந்தச் சிரிப்புக்குள் இருந்தது.

எனினும் இதோடு விட்டுவிட்டால் சந்தைக்கு வக்காலத்து வாங்கியவர்களாகிவிடுவோம். அரிய தட்டுகளின் சந்தை எப்படி நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அந்தச் சந்தையில் தட்டுக்கு ஒரு தரம், அட்டைக்கு ஒரு தரம் போடுவார்கள். முதல் அச்சுக்கு ஒரு விலை, இரண்டாம் அச்சுக்கு வேறு விலை. பாட்டு ஒன்றுதான். உச்சகட்ட உதாரணம் அமெரிக்காவின் வூ-ராங் கிளான் என்ற ராப் இசைக்குழுவின் தொகுப்பு. ஒரேயொரு பிரதி மட்டும் செய்து விற்றார்கள். 2015இல் அதை 20 இலட்சம் டொலருக்கு வாங்கியவர் மார்ட்டின் ஷ்க்ரெலி. அதே ஆண்டு உயிர் காக்கும் மருந்தொன்றின் விலையைப் பல மடங்கு ஏற்றிப் பெயர் கெட்டவர். 2018இல் மோசடி வழக்கொன்றில் அமெரிக்க நீதிமன்றம் அந்தத் தொகுப்பையும் பறிமுதல் செய்தது. அவர் கொடுத்த விலை, மற்றவர்கள் கேட்க முடியாது என்பதற்கான விலை.

நாம் ஒலித் தரத்துக்காகவே கொடுக்கிறோம் என்று சொல்பவர்கள் உண்டு. 2022இல் அவர்களுக்கு ஒரு சோதனை வந்தது. மொபைல் ஃபிடெலிற்றி என்ற அமெரிக்க நிறுவனத்தின் தட்டுகளை, முழுக்க அனலொக் முறையில் செய்யப்பட்டவை என்று நம்பி நூறு டொலருக்கு மேலும் கொடுத்து வாங்கியிருந்தார்கள். அவற்றில் பலவற்றுக்கு இடையில் டிஜிற்றல் படி ஒன்று இருந்தது என்பது அந்த ஆண்டு வெளியாயிற்று. டிஜிற்றல் கலந்தால் உடனே காது கண்டுபிடித்துவிடும் என்று வாதிட்டவர்கள் ஆண்டுக்கணக்காக அதே தட்டுகளைப் புகழ்ந்து எழுதியிருந்தார்கள். விடயம் வழக்குவரை போனது. காதைவிட விலைச்சீட்டு உரத்துப் பேசும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஆனால் ஒலித் தரம் என்பது முழுக்கக் கட்டுக்கதை என்றும் சொல்ல மாட்டோம். 1978இல் வந்த 'ப்ரியா' படத்தின் பாடல்கள் ஸ்ரீரியோவில் பதியப்பட்டவை. அக்காலப் பாடல்களை நாம் அறிந்ததோ கசெற்றிலிருந்து கசெற்றுக்கு, அதிலிருந்து இன்னொரு கசெற்றுக்கு என்று நகலின் நகலாக. ஒவ்வொரு நகலிலும் இரைச்சல் கூடும், மேல் சுரங்கள் மழுங்கும். நல்ல தட்டிலிருந்து எடுத்த பதிவைக் கேட்கும்போது பேஸ் கிற்றார் தனி வழியில் நடப்பதும் வயலின்கள் ஒருபக்கமாய் எழும்புவதும் முதல் தடவையாகத் தெரிகின்றன. அது உண்மையான இலாபம். ஆனால் நல்ல பிரதி ஒன்றைக் கவனமாக டிஜிற்றலாக்கிவிட்டால் அந்த இலாபத்தைப் பல்லாயிரம் பேர் பகிரலாம். முதல் அச்சைத் தன் அலுமாரியில் வைத்திருக்க ஆளாளுக்குக் காசு கொட்டத் தேவையில்லை.

எமது பிரதான விமர்சனம் இங்கேதான் தொடங்குகிறது. அரிது என்பதில் இரண்டு வகை உண்டு. பலர் விரும்பி, சில பிரதிகளே இருப்பதால் அரிதானவை ஒரு வகை. இவற்றுக்குச் சந்தை உண்டு. யாரும் காசு கொடுத்துப் பதியாததால், பதிந்ததையும் யாரும் காக்காததால் அரிதானவை மற்ற வகை. இவற்றுக்கு விலையே கிடையாது. எம்மவர்கள் முதல் வகைக்கு 600 திர்ஹாமும் அதற்கு மேலும் கொடுக்கிறார்கள். எமது சொந்த இசையோ பெரும்பாலும் இரண்டாம் வகையில் கிடக்கிறது.

தவில் மேதை தெட்சணாமூர்த்தியை எடுத்துக்கொள்வோம். 1933இல் பிறந்து 1975இல் மறைந்தவர். அளவெட்டியில் வாழ்ந்து தமிழ்நாட்டின் பெரிய வித்துவான்களை வியக்க வைத்தவர். அவருடைய வாசிப்பை இன்று நாம் கேட்க முடிகிறதென்றால், பெரும்பாலும் கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் யாரோ ஒருவர் சொந்த ரேப் றெக்கோடரைக் கொண்டுபோய்ப் பதிந்து வைத்ததனால்தான். அந்த மனிதர்களுக்கும் ஊதாரி என்ற பட்டம் கிடைத்திருக்கும். அவரைப் பற்றி ஆவணப்படம் எடுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அம்ஷன் குமார் வர வேண்டியிருந்தது. நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ.மனோகரனும் வளர்த்த ஈழத்துப் பொப்பிசையும் இதே நிலைதான். 'சுராங்கனி' கடல் கடந்து போயிற்று. அதோடு கூடப் பாடப்பட்ட எத்தனையோ பாடல்கள் ஊர் மேடையோடு அடங்கிப் போயின. 1983 யூலையில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது திரைப்படங்களின் நெகற்றிவ்களும் எரிந்தன. எரித்தவர்களைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். எரியாமல் மிஞ்சியதை நாம் என்ன செய்தோம் என்பதைப் பற்றி எழுதியது குறைவு.

சேகரிப்பவர்களே கூடாது என்பது எமது வாதமில்லை. சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் பல்லாயிரம் பழைய தட்டுகளைச் சேர்த்தார். சேர்த்ததைப் பற்றி எழுதினார், பேசினார், மறந்துபோன பாடகர்களின் பெயரைத் திரும்பவும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் எமது அச்சுப் பிரதிகளை டிஜிற்றலாக்கி எவரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. ஒலி ஆவணங்களையும் சேர்க்கிறது. இங்கெல்லாம் செலவழித்த காசு பூட்டிய அலுமாரியில் முடங்கவில்லை. வாங்கியவரின் சந்தோசத்தைத் தாண்டி அது எவ்வளவு தூரம் போகிறது என்பதே செலவு அதிகமா இல்லையா என்பதை அளக்கும் கோல்.

கசெற் நிரந்தரமான பொருளில்லை. நாடாவில் காந்தத்துகளை ஒட்டி வைத்திருக்கும் பசை ஈரப்பதத்தில் கெடும். பூஞ்சணம் பிடிக்கும். நாடாவை அழுத்தும் சின்னப் பஞ்சுத் துண்டு கழன்று விழும். பஞ்சு விழுந்த கசெற்றைப் பழுதென்று எறிந்துவிடுகிறோம். நாடாவைக் கழற்றி வேறு கூட்டில் மாட்டினால் அது திரும்பவும் பாடும். ஒரு பழைய டெக்கும் அதைக் கணினியோடு இணைக்கும் சிறு கருவியும் பொறுமையும் இருந்தால் அறை ஒன்றுக்குள்ளேயே செய்யக்கூடிய வேலை இது. சோனாப்பூரில் விடுமுறை நாட்களில் தூங்கிக் கழிக்கும் நேரத்தில் பாதி போதும்.

ஆகவே ஊருக்குப் போகிறவர்களிடமும், ஊரில் தாய் தகப்பன் உள்ளவர்களிடமும் கேட்கிறோம்: அலுமாரிக்கு மேலே, கூரைத் தகரத்துக்குக் கீழே கிடக்கும் கசெற் பெட்டியை இறக்கிப் பாருங்கள். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பாருங்கள். யாரோ ஒருவரின் திருவிழா, யாரோ ஒருவரின் நாதஸ்வரம், யாரோ ஒருவரின் நாடகப் பாட்டு என்று பேனையால் எழுதியிருக்கும். அதை வாங்க எந்தச் சந்தையிலும் ஆளில்லை. உலகத்தில் அதற்கு வேறு பிரதியும் இல்லாதிருக்கலாம்.