திறப்பு விழாவுக்குப் பிறகு ஒரு பெண்கள் பள்ளி

2008-இல் காபூலுக்கு வெளியே தே சப்ஸ் வட்டாரத்தில் ஸபுலி கல்வி நிலையம் திறக்கப்படவிருந்தது. முந்தின நாள் ஊர் ஆண்கள் சிலர் ரஸியா ஜானைத் தேடி வந்தார்கள். கட்டடத்தை ஆண்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தையற்கடை நடத்தி வந்த ரஸியா, அங்கு நிதி திரட்டி, ஆப்கானிஸ்தானில் இந்தப் பள்ளியைக் கட்டியவர். ஒரேயடியாக மறுத்துவிட்டார். நூற்றுச் சொச்சம் சிறுமிகளோடு வகுப்புகள் தொடங்கின.

ஊருக்கருகே பள்ளி இருந்தால் என்ன ஆகும் என்பதை ஆப்கானிஸ்தானிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். டானா பர்ட், லீ லிண்டன் என்ற ஆய்வாளர்கள் கோர் மாகாணத்தில் 2007-இல் ஓர் ஆய்வு நடத்தினார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த ஊர்களில் பள்ளி தொடங்கி, மற்ற ஊர்களோடு ஒப்பிட்டதில், சிறுமிகளின் சேர்க்கை 52 சதவீதப் புள்ளிகள் கூடியிருந்தது. ஆண், பெண் பிள்ளைகளின் சேர்க்கை இடைவெளி ஏறக்குறைய மறைந்தே போனது. ஆப்கானியக் கிராமத்தார் பெண்பிள்ளைகளைப் படிக்க வைக்க விரும்பாதவர்கள் என்ற பேச்சுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. வழிமறித்து நின்றதில் பெரும்பங்கு தூரத்துக்கு உண்டு.

ஆனால், அவை தொடக்கப் பள்ளிகள். ஊருக்குள் ஓர் அறையும், படித்தவர் ஒருவரும் இருந்தால் நடத்திவிடலாம். பத்தாம் வகுப்புக்கு அது போதாது. கணிதத்துக்கு ஒருவர், வேதியியலுக்கு ஒருவர் என்று ஆசிரியர்கள் வேண்டும். ஊருக்கு ஒரு பள்ளி என்பது நடக்காது; பல ஊர்களுக்குப் பொதுவாக ஒரு வளாகம்தான் முடியும். உடனே தூரம் திரும்பி வந்துவிடுகிறது. வளர்ந்த பெண்ணை ஆசிரியைகளிடம் மட்டுமே அனுப்புவோம் என்கிறார்கள் பெற்றோர். பெண்களுக்கு உயர்நிலைப் பள்ளியே இல்லாத வட்டாரத்தில் ஆசிரியைகள் எங்கிருந்து வருவார்கள்? முதல் அணி மாணவிகள் தேறும்வரை வெளியிலிருந்துதான் அழைத்து வர வேண்டும். சம்பளம், வாகனம், பாதுகாப்பு எல்லாம் கொடுக்க வேண்டும். செங்கல், சிமெண்ட் செலவு ஒருமுறையோடு முடியும்; இந்தச் செலவுக்கு முடிவில்லை.

ரஸியா ஜானின் பலம் இங்கே தெரிகிறது. அவர் கட்டிவிட்டு விமானம் ஏறிப் போய்விடவில்லை. எழுதக் கற்ற சிறுமிகளை முதலில் தகப்பனார் பெயரை எழுதச் செய்து, வீட்டில் காட்டச் சொன்னார். எழுத்தறியாத பல தந்தையர் தம் பெயரை மகளின் கையெழுத்தில் பார்த்தார்கள். விஷம் வைத்துவிடுவார்களோ என்ற அச்சத்தால், தண்ணீரையும் வகுப்பறைக் காற்றையும் ஊழியர்கள் சோதித்த பிறகே பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். 2015-இல் முதல் அணி பன்னிரண்டாம் வகுப்பை முடித்தது. பின்னர் ரஸியாவின் அமைப்பு மருத்துவச்சிப் பயிற்சிக்கும் ஒரு நிலையம் தொடங்கியது. ஊருக்கு நேரடியாகப் பயன்படும் படிப்பு அது.

குறையும் அந்த முறைக்குள்ளேயே இருக்கிறது. தந்தையின் பெருமிதத்தை நம்பி நடக்கும் படிப்பு, பெண்ணுக்குப் பதினைந்து வயதாகி வரன் பேச்சு எழும்போது ஆட்டம் காண்கிறது. பெத் மர்ஃபி இந்தப் பள்ளியைப் பற்றி எடுத்த ஆவணப்படம் மேல்வகுப்பு மாணவிகளின் அந்தத் தவிப்பை ஒளிக்காமல் காட்டுகிறது. இரண்டாவது குறை பணம். கட்டணம் வாங்காத பள்ளியை நடத்துபவை கடல்கடந்த நன்கொடைகள். கட்டடத்துக்குக் கொடுத்தவரின் பெயரைக் கல்லில் பொறிக்கலாம். வேதியியல் ஆசிரியையின் ஏழாம் ஆண்டுச் சம்பளத்துக்குக் கொடுத்தவரின் பெயரை எங்கே பொறிப்பது?

கட்டடங்களை எண்ணிக் காட்டும் ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு கிரெக் மார்டென்சன் சான்று. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் பள்ளிகள் கட்டியதாக அவர் எழுதிய நூல் 2006-இல் வெளியாகிப் பல இலட்சம் பேரைக் கவர்ந்தது. 2011-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்றும், எழுத்தாளர் ஜான் கிராக்கவரும் தேடிப் பார்த்தபோது, கணக்கிலிருந்த சில பள்ளிகள் வெறிச்சோடிக் கிடந்தன. மறு ஆண்டு மொன்டானா மாநில அரசு வழக்கறிஞருடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, அவர் தம் அறக்கட்டளைக்கு ஏறத்தாழ 10 இலட்சம் டாலர் திருப்பித் தர வேண்டியதாயிற்று. அவர் உண்மையிலேயே கட்டிய பள்ளிகளும் அந்தப் பழியைச் சுமந்ததுதான் வேதனை.

எந்த நன்கொடையாளராலும் தடுக்க முடியாத அடி 2021-இல் விழுந்தது. ஆட்சியைப் பிடித்த தாலிபான்கள் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களின் படிப்பை நிறுத்தினார்கள். 2022 மார்ச் 23 அன்று பள்ளிகள் திறக்கும் என்று சொல்லி, வந்த மாணவிகளை அன்றே திருப்பி அனுப்பினார்கள். அவ்வாண்டு டிசம்பரில் பல்கலைக்கழகங்களும், 2024 டிசம்பரில் மருத்துவச்சிப் பயிற்சியும் பெண்களுக்கு மூடப்பட்டன. தடை தொடங்கிய பின் குறைந்தது 14 இலட்சம் சிறுமிகள் உயர்நிலைக் கல்வியை இழந்திருக்கிறார்கள் என்று 2024-இல் யுனெஸ்கோ கணக்கிட்டது.

இதைக் காட்டி, தனியார் முயற்சிகள் வீண் என்று சொல்வது அநியாயம். தே சப்ஸில் படித்து முடித்த பெண்களின் படிப்பை எந்த ஆணையாலும் பறிக்க முடியாது. அதேசமயம், அரசின் கடமையை ஒரு நல்ல மனிதரின் தோளில் ஏற்றிவிட்டு நிம்மதி அடைவதும் தவறு. ஏதேனும் ஓர் ஊரில் பெண்கள் பள்ளிக்குப் பணம் தர எண்ணுபவர்கள், கட்டட வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன் பத்தாண்டுச் சம்பளக் கணக்கைக் கேளுங்கள். ஆசிரியைகள் எங்கே தங்குவார்கள், மாணவிகள் எந்த வழியில் வருவார்கள் என்றும் கேளுங்கள். அவற்றுக்குப் பதில் இல்லாத திட்டத்தில் அடிக்கல் நாட்ட அவசரப்பட வேண்டாம்.