இருபது டாலர் துப்பாக்கி

சென்ற வருஷம் ஒரு வாசகர் சங்கத்தில் டான் டிலில்லோ எழுதிய 'லிப்ரா' என்ற நாவலைப் பற்றிப் பேசினேன். 1988-ல் வெளிவந்த அமெரிக்க நாவல் அது. ஜனாதிபதி கென்னடியைச் சுட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட லீ ஹார்வி ஆஸ்வால்டின் கதை. பேச்சில் ஒரு விஷயத்தை வெகு நிச்சயமாகச் சொல்லிவிட்டேன். இருபது டாலருக்குத் தபாலில் தருவித்த ஓட்டைத் துப்பாக்கியால் அந்தக் காரியத்தைச் செய்திருக்கவே முடியாது. ஆகையால் நாவலாசிரியர் இன்னொரு துப்பாக்கிக்காரனைக் கொண்டுவந்து நிறுத்தியது கற்பனை அல்ல, யதார்த்தம் என்றேன். கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெரியவர் வந்தார். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். "சார், அந்தத் துப்பாக்கி ஓட்டைன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?" என்று கேட்டார்.

யாரும் சொல்லவில்லை. 1991-ல் வந்த ஆலிவர் ஸ்டோனின் சினிமாவில் அதைக் கேலி செய்ததைப் பார்த்திருந்தேன். மற்றபடி விலையைக் கேட்டதும் நானே கட்டிய முடிவுதான்.

"பட்டாளத்துத் துப்பாக்கி சார் அது. வித்த விலை வேற, செஞ்ச விலை வேற" என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அந்த ஒரு வாக்கியம் எனக்கு ஒரு மாதத்துக்குத் தூக்கத்தைக் கெடுத்தது என்றால் மிகையாகத் தோன்றும். ஆனால் 1964-ல் வெளியான வாரன் கமிஷன் அறிக்கையை வாசிக்க வைத்தது. காலேஜில் இரண்டு வருஷம் கற்ற பௌதிகத்தோடு அதைப் படித்துப் புரிந்துகொள்ள முயன்றேன்.

துப்பாக்கி இத்தாலிய ராணுவத்தின் கார்க்கானோ. 1891-ல் ஏற்றுக்கொள்ளப்பட்ட அமைப்பு. இந்தக் குறிப்பிட்ட துப்பாக்கி 1940-ல் டெர்னி நகரத்துத் தொழிற்சாலையில் செய்தது. குண்டின் குறுக்களவு ஆறரை மில்லிமீட்டர். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பின் இத்தாலி கழித்துக்கட்டிய சரக்கு அமெரிக்காவில் வந்து குவிந்தது. வெறும் துப்பாக்கி ஏறக்குறைய 13 டாலர், ஜப்பானில் செய்த நாலு மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி பொருத்தியது 19.95. தபால் செலவு ஒன்றரை டாலர். 1963 மார்ச்சில் ஆஸ்வால்ட் வேறு பெயரில் சிகாகோ கடைக்கு மணியார்டர் அனுப்பினான். விளம்பரத்தில் கண்டது 36 அங்குல நீளத் துப்பாக்கி. வந்து சேர்ந்தது 40 அங்குலம். கேட்டது ஒன்று, வந்தது ஒன்று என்பதில் மட்டும் தபால் வியாபாரம் எல்லா தேசத்திலும் ஒன்றுதான் போலும்.

இதை எப்.பி.ஐ. நிபுணர்கள் 100 கஜ தூரத்தில் வேகமாகச் சுட்டுப் பார்த்தார்கள். மும்மூன்று குண்டுகளாகச் சுட்டதில், ஒவ்வொரு தடவையும் மூன்றும் 3 முதல் 5 அங்குல வட்டத்துக்குள் விழுந்தன. ஆனால் எல்லாம் குறிக்குச் சில அங்குலம் மேலேயும் வலப்பக்கமும் போயின. நான் குழம்பியது இந்த இடத்தில்தான். நம்மில் பலரும் குழம்புகிற இடமும் இதுவே. எங்கள் வீட்டுக் கூடத்துக் கடிகாரம் பத்து நிமிஷம் வேகமாக ஓடும். தினமும் அதே பத்து நிமிஷம். அதை நம்பி நாங்கள் ரயில் பிடித்திருக்கிறோம். ஒரு நாள் பத்து, ஒரு நாள் இருபது என்று ஓடினால்தான் ஆபத்து. இந்தத் துப்பாக்கி முதல் ரகம். தொலைநோக்கி கோணல், குழல் ஒழுங்கு. ராணுவத்து ஆராய்ச்சிசாலையில் தொலைநோக்கிக்கு அடியில் மெல்லிய தகடுகள் மூன்று வைத்து நிமிர்த்திச் சோதித்தார்கள். அன்றைய ராணுவத் துப்பாக்கிகளுக்கு இது குறைந்ததல்ல என்று அங்கிருந்த நிபுணர் சாட்சி சொன்னார்.

கென்னடியின் தலையில் குண்டு பட்ட தூரம் சுமார் 265 அடி, அதாவது 88 கஜம். மனிதத் தலையின் அகலம் சுமார் 6 அங்குலம். மலிவான பட்டாளச் சரக்கிடம் இதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டியதில்லை. இதற்குக் கீழே எதிர்பார்த்ததுதான் என் தவறு. இன்றும் இந்த ரகத்தை வாங்கிச் சுடுகிறவர்களில் சிலர் குறை சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆறரை மில்லிமீட்டர் துப்பாக்கிகளுக்கு வழக்கமான குண்டு 0.264 அங்குலம், கார்க்கானோவின் குழலுக்கு வேண்டியது 0.268. பொருந்தாத குண்டைப் போட்டுவிட்டுக் குழலைத் திட்டுகிறார்கள்.

எதிர்த் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். ராணுவச் சோதனையில் சுட்ட மூவரும் பேர்பெற்ற குறிகாரர்கள். இலக்குகள் அசையாதவை. அப்படியும் சில குண்டுகள் தவறின. மூவரில் ஒருவர்தான் ஐந்து விநாடியை ஒட்டி மூன்று குண்டையும் சுட்டு முடித்தார், மற்றவர்களுக்கு 6.45 முதல் 8.25 விநாடி வரை ஆயிற்று. ஆஸ்வால்டோ கடற்படைப் பட்டாளத்தில் 1956-ல் 212 புள்ளி, 1959-ல் 191 புள்ளி வாங்கியவன். இரண்டாவது, தேறுவதற்கு வேண்டிய 190-க்கு ஒன்றே ஒன்று அதிகம். அவன் தனியாகத்தான் செய்தானா என்ற வாதமும் ஓயவில்லை. 1979-ல் அமெரிக்கப் பிரதிநிதி சபைக் கமிட்டி சதி இருந்திருக்கலாம் என்றது. அதற்கு ஆதாரமான ஒலிப்பதிவை விஞ்ஞானிகள் 1982-ல் தள்ளிவிட்டார்கள். என் கேள்வி அதுவல்ல. துப்பாக்கியால் முடியுமா என்பதுதான். முடியும்.

முடியும் என்றால் 'லிப்ரா'வைப் பற்றி நான் சொன்ன தீர்ப்பு என்ன ஆகிறது?

நாவலில் சதிகாரர்களின் முதல் திட்டம் விசித்திரமானது. ஜனாதிபதியைக் கொல்வதல்ல, சுட்டுத் தவறவிடுவது. பழியைக் கியூபாவின் மேல் போடுவது. முதல் தடவை படித்தபோது இதை ஒரு சாமர்த்தியமான கதைத் திருப்பமாக மட்டும் எடுத்துக்கொண்டேன். இப்போது அதில் உள்ள பயங்கரம் தெரிகிறது. ஐந்து அங்குலம் சிதறுகிற துப்பாக்கியால் ஓடும் காரில் ஒருவனை அடிப்பது சாத்தியம். அத்தனை பேர் நெருங்கி உட்கார்ந்த காரில் யார் மேலும் படாமல், ஆனால் படவிருந்தது என்று உலகம் நம்பும்படி தவறவிடுவதற்கு அதைவிட நல்ல துப்பாக்கி வேண்டும், நல்ல கை வேண்டும். அந்தத் திட்டம் கொலையாக முற்றுவது எல்லாக் கதாபாத்திரங்களின் கெட்ட எண்ணத்தால் மட்டும் அல்ல. திட்டத்துக்குள்ளேயே அது இருந்தது. டிலில்லோ இதை உணர்ந்து எழுதியிருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது துப்பாக்கிக்காரன் விஷயம் வேறு. அவன் இல்லாமல் முடியாது என்பது பொய் என்று தெரிந்த பிறகு, அவனை யதார்த்தம் என்று தாங்கிப் பிடிக்க வழியில்லை. நாவலாசிரியர் தம் இஷ்டத்தால் கொண்டுவந்தவன். ஏன்? ஏறக்குறைய 400 பக்கம் ஆஸ்வால்டைக் கட்டி எழுப்புகிறார். எங்கேயும் ஒட்டாத, எழுத்துக்கூட்டுப் பிழைகளோடு தன் சரித்திரத்தைத் தானே எழுதிவைக்கிற பையன். கடைசியில் அவன் தன் தொலைநோக்கி வழியாகவே வேறொருவன் குண்டு பட்டதைப் பார்க்கிறான். சரித்திரத்துக்குள் நுழையும் வாசலில் கூட அவனை ஒருவன் முந்திவிடுகிறான். கூட்டத்தில் நான் யதார்த்தம் என்று புகழ்ந்தது இந்தக் கட்டத்தைத்தான். அது யதார்த்தம் அல்ல, இரக்கமில்லாத கலை. அப்படிச் சொல்லியிருந்தால் நாவலுக்கு நியாயம் செய்தவனாவேன்.

ஸ்டீபன் கிங் 2011-ல் எழுதிய '11/22/63' இதற்கு நேர் எதிர். தனி மனிதனே சுட்டான் என்று ஒப்புக்கொண்டு, காலத்தில் பின்னால் போய் அவனைத் தடுக்க ஒருவனை அனுப்புகிறார். சுவாரஸ்யமான புத்தகம். ஆனால் ஆஸ்வால்ட் அதில் ஒரு தடங்கல்தான், மனிதன் அல்ல. நார்மன் மெய்லர் சதியை நம்பி ஆரம்பித்தவர். 1995-ல் வந்த அவருடைய பெரிய புத்தகத்தில் அவன் ஒருவனே செய்திருக்கலாம் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். வேண்டாவெறுப்பாகத்தான் வந்து சேர்ந்தார் என்பது புத்தகம் நெடுகத் தெரிகிறது. அவ்வளவு பெரிய மனிதனை இவ்வளவு சிறியவன் வீழ்த்தினான் என்பதை ஜீரணிக்க அவருக்குக் கஷ்டம். எனக்கும்தான். துப்பாக்கியின் விலையைச் சொல்லி நான் தப்பிக்கப் பார்த்தேன்.

நிஜத்தில் நடந்திராவிட்டால் எந்தக் கதாசிரியனும் எழுதத் துணியாத இன்னொன்று உண்டு. 1963 ஏப்ரல் 10 இரவு, வாக்கர் என்ற ஓய்வு பெற்ற ஜெனரல் தம் வீட்டில் மேஜை முன் உட்கார்ந்திருந்தார். வெளியிலிருந்து ஒரு குண்டு வந்தது. ஜன்னல் சட்டத்தில் பட்டு விலகியது, அவர் பிழைத்தார். சுட்டவன் ஆஸ்வால்ட், இதே துப்பாக்கியால் என்று கமிஷன் தீர்மானித்தது. தூரம் 100 அடிகூட இல்லை. உட்கார்ந்திருந்தவர் தப்பினார், ஏழு மாதம் கழித்து, அதைப் போல இரண்டரைப் பங்குக்கு மேல் தூரத்தில் நகர்ந்துகொண்டிருந்தவர் இறந்தார். இதை நான் கதையில் எழுதி அனுப்பினால் எந்தப் பத்திரிகாசிரியரும் நம்பகமில்லை என்று திருப்பி அனுப்புவார். அவர் செய்வதும் சரிதான்.

சுபேதாரைத் தேடிப் போய் 'லிப்ரா'வைக் கொடுத்தேன். நான் சொன்னது தப்பு என்றும் சொன்னேன். இரண்டு வாரம் கழித்துப் புத்தகத்துக்கு அட்டை போட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"பிடித்ததா ஐயா?" என்றேன்.

"பையனைப் பத்தி நல்லா எழுதியிருக்கார் சார். ஆனா துப்பாக்கியை வாங்கினானே, அதுக்கப்புறம் எண்ணெய் போட்டுத் துடைச்சானா? அது எந்தப் பக்கத்துல வருது?"

தேடிக்கொண்டிருக்கிறேன்.