தேய்மானத்தின் விலை

கிடார் உலகத்தில் ஒரு விநோதமான விலைப்பட்டியல் உண்டு. கிப்சன் நிறுவனம் 2021இல் தொடங்கிய 'மர்ஃபி லேப்' வரிசையில் புத்தம்புதுக் கிடார்களைப் பழசாக்கி விற்கிறார்கள். அதில் நான்கு நிலைகள்: மிக லேசாகப் பழசாக்கியது, லேசாகப் பழசாக்கியது, கடுமையாகப் பழசாக்கியது, மிகக் கடுமையாகப் பழசாக்கியது. பழமை ஏற ஏற விலையும் ஏறும். சட்டையில் ஒரு நூல் பிரிந்திருந்தால்கூடக் கடைக்காரரிடம் விலை குறைக்கச் சொல்லும் புதுக்கோட்டைப் பக்கத்து ஆள் நான். முதன்முதலில் அந்தப் பட்டியலைப் பார்த்தபோது அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன்.

இதைப் பெரிய அளவில் ஆரம்பித்து வைத்தது ஃபெண்டர். அதன் கஸ்டம் ஷாப் பிரிவு 1995இல் 'ரெலிக்' என்ற பெயரில் இந்தக் கிடார்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. செய்முறையில் மர்மம் ஒன்றும் இல்லை. மெல்லிய நைட்ரோசெல்லுலோஸ் வார்னிஷ் அடிப்பார்கள். முழங்கை உரசும் இடத்தை உப்புத்தாளால் தேய்ப்பார்கள். பின்பக்கத்தில் பெல்ட் பக்கிள் கீறியதுபோலக் கீறுவார்கள். உலோகப் பாகங்களை அமிலப் புகையில் காட்டித் துருவேற்றுவார்கள். மரமும் வார்னிஷும் வெயிலுக்கும் குளிருக்கும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் பழைய கிடாரில் நுண்ணிய வெடிப்புகள் விழும். அதையும் சவர பிளேடால் கோடு கோடாகப் போட்டுவிடலாம்.

இதை 'போலி' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் அது சரியான விமர்சனம் இல்லை. போலி என்றால் யாராவது ஏமாற வேண்டும். இங்கே விற்பவர் சொல்லித்தான் விற்கிறார், வாங்குபவர் தெரிந்துதான் வாங்குகிறார். பெங்களூரில் என்னோடு வேலை பார்க்கும் நண்பன் இப்படி ஒன்று வைத்திருக்கிறான். அவன் சொன்ன காரணம் நியாயமாகவே இருந்தது: "புது கிடார்னா முதல் கீறல் விழுற வரைக்கும் ஒரே பயம் மச்சான். இதுல அந்தப் பயமே இல்ல. எடுத்தோமா வாசிச்சோமான்னு இருக்கலாம்." கழுத்துப் பகுதியின் விளிம்புகளை மழுக்கிவிடுவதால் கைக்கும் இதமாக இருக்கிறது. வயலின் உலகத்தில் இது இன்னும் பழைய வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸில் இருந்த வூய்யோம், ஸ்ட்ராடிவாரி வயலின்களின் தேய்மானத்தையும் சேர்த்தே நகலெடுத்தவர். அவர் செய்தவை இன்று நல்ல வாத்தியங்கள் என்றே மதிக்கப்படுகின்றன.

ஆகவே ஏமாற்று என்ற குற்றச்சாட்டை ஓரமாக வைத்துவிடலாம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. தேய்மானம் என்பது என்ன? அது யாருக்குச் சொந்தம்?

*

அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வில்லி நெல்சனின் கிடாருக்கு 'ட்ரிகர்' என்று பெயர். 1969இல் வாங்கிய மார்ட்டின் என்-20. நைலான் கம்பி போட்ட கிடார். விரலால் மீட்டுவதற்காகச் செய்யப்பட்டது என்பதால், அதில் மேல்பலகையைக் காக்கும் தகடு கிடையாது. நெல்சன் அதைப் பிக் வைத்து வாசித்தார். வருஷக்கணக்கில் பிக் உரசி உரசி, நடு வட்டத்துக்குப் பக்கத்திலேயே பலகையில் இன்னொரு ஓட்டை விழுந்துவிட்டது. ஐரிஷ் கலைஞர் ரோரி கல்லஹரின் 1961 ஸ்ட்ராட்டோகாஸ்டர் இன்னொரு உதாரணம். அது ஒருமுறை திருடுபோய், சில நாள் மழையில் கிடந்து திரும்பி வந்தது. மிச்சமிருந்த வண்ணத்தை அவருடைய வியர்வை தின்றது.

இரண்டிலும் ஒவ்வொரு தழும்புக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ட்ரிகரின் ஓட்டை, அந்த வாத்தியத்துக்கும் அதை வாசித்த முறைக்கும் இருந்த பொருத்தமின்மையைச் சொல்கிறது. என் தொழிலில் இதை லாக் ஃபைல் என்போம். சர்வர் ஓடும்போது என்ன நடந்தது என்பதை வரிசையாக எழுதிக்கொண்டே போகும் கோப்பு. யாரும் அதை அழகுக்காக எழுதுவதில்லை. வேலை நடந்ததன் மிச்சம், அவ்வளவுதான். பிரச்சினை வந்தால் அதைத்தான் முதலில் திறந்து படிப்போம். ரெலிக் கிடார், ஓடாத சர்வருக்கு எழுதிய லாக் ஃபைல். வடிவம் கச்சிதமாக இருக்கும், ஆனால் அதிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. முழங்கை எங்கே உரசும் என்று பொதுவாகத் தெரியும், அதனால் அங்கே தேய்த்திருப்பார்கள். இன்ன மனிதர் இன்ன கோணத்தில் பிடித்தார் என்பது அதில் இருக்காது.

இதே விஷயம் ஒலியிலும் நடக்கிறது. பழைய இசைத்தட்டின் கரகரப்பைப் புதுப் பதிவில் சேர்ப்பதற்கென்றே 'ஐஸோடோப் வினைல்' போன்ற மென்பொருள்கள் உண்டு. டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் 78 ஆர்பிஎம் தட்டுகளில் கேட்கும் இரைச்சல், ஊசி எத்தனை முறை அந்தப் பள்ளத்தில் ஓடியது என்பதன் கணக்கு. அதிகம் கேட்கப்பட்ட தட்டுதான் அதிகம் கரகரத்தது. மென்பொருளில் அது ஒரு திருகு, வேண்டிய அளவுக்குத் திருப்பிக்கொள்ளலாம்.

*

அப்படியானால் செயற்கைப் பழமை எல்லாமே வெறும் வேஷமா? இல்லை. இதற்கான சாட்சி நம் பக்கத்திலேயே இருக்கிறது.

நாதஸ்வரத்துக்குப் பேர்போன ஊர் கும்பகோணம் பக்கத்து நரசிங்கன்பேட்டை. 2022இல் அதன் நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே குழல் செய்வது ஆச்சா மரத்தில். அதிலும் புதிதாக வெட்டிய மரம் ஆகாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்திரம், தூண், சட்டங்களைத் தேடி வாங்குகிறார்கள். எழுபத்தைந்து, நூறு வருஷம் கூரையைத் தாங்கிய மரம்.

இது மரபு மீதுள்ள பிரமை அல்ல, சுத்தமான பொறியியல். நாதஸ்வரத்தின் உட்துளை மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் கூம்புபோல் போகும். ஈரம் காயாத மரத்தில் துளை போட்டால், காயும்போது மரம் ஒரு திசையில் அதிகமாகவும் இன்னொரு திசையில் குறைவாகவும் சுருங்கும். வட்டம் கோணலாகும், வெடிப்பு விடும், சுருதி நிற்காது. அதற்கு மேல் வாசிப்பவரின் ஈர மூச்சு வேறு தினமும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஏற்கெனவே சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்த மரம்தான் இதைத் தாங்கும். நாதஸ்வரம் தன் வயதை ஒரு வீட்டிடமிருந்து கடன் வாங்குகிறது. ஆனால் அந்த வயது கண்ணுக்குத் தெரியாது. ஆசாரி மேல்பரப்பைக் கடைந்து எடுத்த பிறகு குழல் புதுசாகத்தான் மின்னும்.

இதே வேலையை அடுப்பிலும் செய்யலாம். காற்றில்லாத சூளையில் மரத்தைச் சுடவைத்தால் ஈரத்தை உறிஞ்சும் ஹெமிசெல்லுலோஸ் சிதைகிறது. மரம் லேசாகிறது, ஈரத்துக்கு அசைவதும் குறைகிறது. இன்று பல கிடார் நிறுவனங்கள் இந்த முறையில்தான் மேல்பலகையைத் தயாரிக்கின்றன. யமஹா தன் பாணியில் வெப்பம், ஈரப்பதம், அழுத்தம் மூன்றையும் கட்டுப்படுத்தி இதைச் செய்கிறது. இதுவும் செயற்கைப் பழமைதான், ஆனால் எனக்கு இதில் ஒரு புகாரும் இல்லை. வயது செய்யும் வேலையை இது செய்கிறது, வயதின் முகத்தை மாட்டிக்கொள்ளவில்லை.

வயதாகிவிட்டாலே வாத்தியம் சிறந்துவிடும் என்பதும் இல்லை. 2010இல் இண்டியானாபொலிஸில் கிளாடியா ஃபிரிட்ஸ் குழுவினர் 21 வயலின் கலைஞர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். மூன்று புது வயலின்கள், மூன்று பழையவை. பழையவற்றில் இரண்டு ஸ்ட்ராடிவாரி, ஒன்று குவார்னேரி. வாசிப்பவர் கண்ணுக்கு இருட்டுக் கண்ணாடி போட்டார்கள். பழைய மரத்தின் வாசனை காட்டிக்கொடுத்துவிடும் என்று மோவாய் வைக்கும் இடத்தில் சென்ட் தடவினார்கள். பெரும்பாலானவர்கள் புது வயலினையே தேர்ந்தார்கள். கடைசி இடத்துக்குப் போனது ஒரு ஸ்ட்ராடிவாரி. கண்ணையும் மூக்கையும் மூடிய பிறகு முந்நூறு வருஷத்தின் மகிமையில் பாதி காணாமல் போய்விட்டது.

எனவே நான் கோடு போடும் இடம் இயற்கைக்கும் செயற்கைக்கும் நடுவில் இல்லை. வேலை செய்கிற பழமைக்கும் காட்டிக்கொள்கிற பழமைக்கும் நடுவில்.

*

காட்டிக்கொள்கிற பழமை நம் வாத்திய மரபில் பெரிதாக வளரவில்லை. தேய்மானத்தை நம்மவர்கள் பழுது என்றே எடுத்துக்கொண்டார்கள். தஞ்சாவூர் வீணையில் மெழுகின்மேல் பதித்த 24 மெட்டுகள் இருக்கும். கமகத்துக்காகக் கம்பியை இழுத்து இழுத்து மெட்டில் பள்ளம் விழும், அதன்பின் கம்பி இரையத் தொடங்கும். உடனே மேளம் கட்ட அனுப்பிவிடுவார்கள். மெழுகு புதிது, சுருதி புதிது. மிருதங்கத்திலும் அப்படியே. பலாமரக் கட்டை பல வருஷம் இருக்கும், தோல் போய்ப்போய் மாறிக்கொண்டே இருக்கும். பள்ளம் விழுந்த மெட்டையோ கிழிந்த தோலையோ யாரும் சட்டம் போட்டு மாட்டுவதில்லை.

புதுக்கோட்டையின் சொந்த வாத்தியமான கஞ்சிரா இதில் இன்னும் கறார். பஜனை மடத்தில் தட்டிக்கொண்டிருந்த அதைக் கச்சேரி மேடைக்கு ஏற்றியவர் மான்பூண்டியா பிள்ளை. அவர் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை அதை உச்சத்துக்குக் கொண்டுபோனார். உடும்புத்தோல் போர்த்திய சின்ன வட்டம். உள்பக்கம் தண்ணீர் தடவி வாசிப்பார்கள், கச்சேரி நடுவில் காய்ந்தால் மறுபடி தடவுவார்கள். இப்படி நனைந்தும் காய்ந்தும் தோல் சீக்கிரம் தளர்ந்துவிடும். 1972ஆம் வருஷ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைக் காக்கிறது. அதனால் இன்று ஆட்டுத்தோலிலும் செயற்கைத் தோலிலும் வாசிக்கிறார்கள். தோலே மாறிப்போன பிறகும் கஞ்சிரா கஞ்சிராவாக இருக்கிறது. காரணம், அதன் பழமை பொருளில் இல்லை, விரலில் இருக்கிறது. ஒரு விரலிலிருந்து இன்னொரு விரலுக்குப் போனது.

குடுமியான்மலைப் பாறையில் வெட்டிய, ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டுகூட இதைத்தான் சொல்கிறது. ஸ்வர வரிசைகள் கல்லில் இருக்கின்றன. எந்த யாழில் அல்லது வீணையில் வாசிப்பதற்காக அவை எழுதப்பட்டனவோ, அது மண்ணாகிவிட்டது. பாடத்தைக் காப்பாற்றினார்கள், மரத்தை அல்ல.

*

இவ்வளவும் சொன்னது ஒரு இடத்துக்கு வருவதற்காகத்தான்.

கோனாபட்டு, ராயவரம், அரிமளம் பக்கம் போனால் பூட்டிக்கிடக்கும் செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கலாம். பங்காளிகள் பிரித்துக்கொள்ள முடியாத வீடு ஒருநாள் பிரிக்கப்படும். தேக்குத் தூண், நிலை, கதவு எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போகும். அங்கிருந்து ஹோட்டல் வரவேற்பறைக்கும் பங்களாவுக்கும் போகும். அதே வரவேற்பறைகளில் இப்போது வீணை, மிருதங்கம், நாதஸ்வரம் எல்லாம் அலங்காரப் பொருளாக நிற்கின்றன. சில நிஜமாகவே பழையவை. சில, வாசிக்கவே முடியாதபடி செய்து 'ஆன்டிக் ஃபினிஷ்' கொடுத்தவை. பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

எங்கள் ஊர்ப்பக்கம் கல்யாணங்களுக்கு வாசிக்கும் நாயனக்காரர் ஒருவரிடம் இதைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கிடாரைத் தேய்த்துப் பழசாக்கி விற்கிறார்கள் என்று சொன்னதும் சிரித்தார்.

"காசு கூடவா தர்றாங்க?"

"ஆமாண்ணே. தேய்க்கத் தேய்க்கக் கூட."

"நம்ம கதை தலைகீழ், தம்பி. ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னாடி நான் இதுக்கு மெருகு போட்டாகணும். அணைசுல நசுங்கல் தெரியக்கூடாது. பழசா தெரிஞ்சா, 'இவருக்கு அவ்வளவா கச்சேரி இல்ல போல'ன்னு நெனச்சுக்குவாங்க. அட்வான்ஸுலயே கொறைப்பாங்க."

என் புகார் மொத்தமும் இதில் இருக்கிறது. அவர் குழலில் விரல் படும் இடங்களில் மரம் வழவழத்து மங்கியிருக்கிறது. ஏழு துளைகளைச் சுற்றியும் ஏழு நிழல்கள். கீழ்த்துளைகளில் சுருதிக்காக அடைத்த மெழுகு கறுத்துப்போயிருக்கிறது. பல வருஷ முகூர்த்தங்களின் தடம் அது. சந்தையில் அதற்கு மதிப்பில்லை, இருக்கும் மதிப்பையும் அது குறைக்கிறது. அதே மங்கலை வேறொருவர் உப்புத்தாளால் வரைந்தால், வாசிக்காத ஒருவரின் சுவரில் தொங்கும்போது, அது ரசனை.

கிழிந்த ஜீன்ஸுக்கும் கிழிந்த வேட்டிக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. தேய்மானத்தை அழகாகப் போட்டுக்கொள்ள, தேயாத வாழ்க்கை ஒன்று பின்னால் நிற்க வேண்டும். நிஜமாகவே தேய்ந்தவர் அதை மறைத்தாக வேண்டும். அவருக்கு அது வறுமையின் அடையாளம். நம் ஊரில் வாத்தியத்தைச் செய்தவர், தோல் கட்டியவர், தெருவில் நின்று வாசித்தவர் எல்லாருமே சாதியால் ஓர் இடத்தில் நிறுத்தப்பட்டவர்கள். டி.எம்.கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' புத்தகம், மிருதங்கம் செய்யும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றியது. மேடையில் வாசித்தவர்களின் பெயர் நமக்கு மனப்பாடம். தோலைப் பதப்படுத்தியவரின் பெயரைத் தெரிந்துகொள்ள ஒரு புத்தகம் வரவேண்டியிருந்தது.

என் நண்பன் அவன் கிடாரை வாசிக்கட்டும். நன்றாகவே வாசிக்கிறான். பத்து வருஷம் விடாமல் வாசித்தால், அவன் வாங்கிய கீறல்களுக்கு நடுவே அவனுடைய கீறல்களும் விழும். எது எதுவென்று அவனுக்குத் தெரிந்திருந்தால் போதும். கம்பெனிக்காரன் போட்ட கீறல்மேல் எனக்குக் கோபம் இல்லை. தழும்புக்கு இவ்வளவு விலை கொடுக்கத் தயாராக இருக்கும் ஒரு ரசனை, தழும்பு உண்டாகும் வேலைக்கு ஏன் எதுவும் கொடுப்பதில்லை என்பதுதான் என் கேள்வி.

நாயனக்காரர் இந்த ஆவணிக்கு முன்னாலும் குழலை மெருகேற்றக் கொடுப்பார். விரல் நிழல்கள் ஏழும் போய்விடும். அதற்கான செலவு அவருடையது.