ஓய்வு மாதத்து ஓட்டம்: திருச்சியும் யாழ்ப்பாணமும்

மேட்டூர் அணையை ஜனவரி 28-இல் மூடி ஜூன் 12-இல் திறப்பது பாசன மரபு. இடைப்பட்ட நாலரை மாதம் காவிரியில் பெரும்பாலும் மணல்தான். ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே ஓடும் கொள்ளிடம் வெள்ள உபரிக்கான ஆறு. அங்கே மணல் இன்னும் அதிக நாள் கிடக்கும். திருச்சியில் கல்லூரிப் போட்டிகள் ஓய்ந்து, தேர்வும் விடுமுறையும் வந்து, கால்பந்து வீரனுக்குக் கொஞ்சம் இடைவெளி கிடைப்பதும் ஏறக்குறைய இதே மாதங்களில்தான். அந்த இடைவெளியில் வேகத்தை வளர்ப்பதில் திருச்சி ஒரு வழி போகிறது, யாழ்ப்பாணம் வேறு வழி போகிறது.

யாழ்ப்பாணப் பள்ளிகளில் ஆண்டின் முதல் தவணை என்றால் இல்ல மெய்வல்லுநர் போட்டி. மாணவர்கள் இல்லங்களாகப் பிரிந்து புள்ளிக்காக மோதுவார்கள். கால் வேகமுள்ள உதைபந்தாட்ட வீரனை இல்லத்தார் சும்மா விடமாட்டார்கள். 100 மீட்டருக்கோ அஞ்சலோட்டத்துக்கோ இழுத்துவிடுவார்கள். புனித பத்திரிசியார் கல்லூரி, இளவாலை புனித ஹென்றியரசர் கல்லூரி போன்ற உதைபந்தாட்டப் பேர்பெற்ற இடங்களிலும் இந்தப் போட்டி உண்டு. சில வாரங்களுக்குப் பந்தை மறந்து, புறப்பாட்டையும் முழு வேகத்தையும் பழகுகிறான் பையன். பயிற்சியாளர் திட்டம் போடாமலே பள்ளி நாட்காட்டி அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

பள்ளியை விட்டு கழகத்துக்குப் போனதும் இந்த வசதி போய்விடுகிறது. குருநகர் பாடும் மீன், பாசையூர் சென். அன்ரனிஸ், நாவாந்துறை சென். மேரிஸ் என்று கரையோரக் கழகங்களுக்கு ஆதரவாளர் கூட்டம் பெரிது. லீக் ஆட்டம் போக, அணிக்கு ஏழு பேர், ஒன்பது பேர், மின்னொளியில் விலகல் முறை என்று தொடர்கள் வந்துகொண்டே இருக்கும். ஆட்டப் பழக்கம் கெடாது என்பது லாபம். ஆனால் களைத்த கால் முழு வேகத்தைத் தொடுவதில்லை. தொடாத வேகம் கூடுவதும் இல்லை.

திருச்சியின் நிலை இதற்கு நேர்மாறு: இங்கே இடைவெளி உண்டு, அதில் வேகப் பயிற்சிதான் இல்லை. அண்ணா விளையாட்டரங்கத்தில் ஓடுதளமும் கால்பந்துத் திடலும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்குக்கு இந்த மாவட்டத்திலிருந்து மட்டும் ஆரோக்கிய ராஜீவ், சுபா வெங்கடேசன், தனலட்சுமி சேகர் என மூன்று ஓட்டக்காரர்கள் தேர்வானார்கள். ஆனாலும் கோடையில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் முகாமில் தடகளம் தனி, கால்பந்து தனி. கால்பந்துப் பையனுக்கு ஓட்டம் என்றால் கிரவுண்டைச் சுற்றி ரவுண்டு அடிப்பதுதான்.

ரவுண்டு அடித்தால் மூச்சுத் திறன் கூடும், உண்மை. ஆனால் கோல் விழும் கணத்தில் வேலை செய்வது வேறொன்று. ஜெர்மன் பண்டெஸ்லிகாவின் 360 கோல்களைப் பார்த்த ஆய்வு ஒன்று 2012-இல் வெளிவந்தது. அவற்றில் 45 சதவீத கோல்களுக்கு முன் கோலடித்தவர் செய்தது நேர்கோட்டுப் பாய்ச்சல் ஓட்டம். அந்தச் சில விநாடிக்கு வேண்டிய சக்தி தசையிலுள்ள பாஸ்போகிரியேட்டினிலிருந்து வருகிறது. செலவானதில் பாதி அரை நிமிடத்தில் மீளும். கிட்டத்தட்ட முழுதும் மீள மூன்று நிமிடம் போல ஆகும். அதற்குள் மறுபடி ஓடவைத்தால் வளர்வது தாங்குதிறன்தான்.

இரு ஊருக்கும் பொதுவான நம்பிக்கை மணல். அங்கே கடற்கரை, இங்கே ஆற்றுப்படுகை. கெட்டித் தரையைவிட மணலில் ஓட சுமார் 1.6 மடங்கு சக்தி செலவாகிறது. அதிர்ச்சி குறைவு, தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் வேலை அதிகம். ஆனால் பாதம் புதைந்து, தரையில் கூடுதல் நேரம் தங்குகிறது. கெட்டித் தரையில் குதிகால் நாண் திருப்பித் தரும் உந்தலை மணல் விழுங்கிவிடுகிறது. மணல் பலம் தரும். உச்ச வேகத்தைத் தரையில்தான் பழக வேண்டும். மணல் அள்ளிய பள்ளங்கள் இருப்பதால், படுகையில் விடிந்த பிறகு, இடத்தைப் பார்த்துவிட்டு ஓடுவது நல்லது.

ஆகவே திருச்சி வீரன் முதல் சில வாரம் மணலில் காலைப் பலப்படுத்திவிட்டு, ஏப்ரலில் புல்லுக்கோ ஓடுதளத்துக்கோ மாறலாம். வாரம் இரண்டு நாள், வெயில் ஏறுமுன், 10 முதல் 30 மீட்டர் வரை ஆறு அல்லது எட்டு ஓட்டம். ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு மூன்று நிமிட நடை. வேகம் குறைந்தால் அன்றைக்கு அத்தோடு சரி. கூடவே ஒருவர் கணுக்காலைப் பிடிக்க, மண்டியிட்டு முன்னால் மெல்லச் சாயும் நார்டிக் பயிற்சி வேண்டும். பின்தொடைக் காயத்தை அது பாதியளவு குறைப்பதாக 2019-இல் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது.

யாழ்ப்பாணக் கழகங்களுக்கு வேண்டியது, தொடர்களுக்கு நடுவே எல்லோரும் ஒப்புக்கொண்ட சில வார இடைவெளி. பல கழகங்கள் இணங்க வேண்டிய காரியம் என்பதால் அது எளிதல்ல. திருச்சிக்கு வேண்டியது அதைவிடச் சுலபம்: மே மாத முகாமில் கால்பந்து மாணவர்களை வாரம் இரண்டு காலை தடகளப் பயிற்சியாளரிடம் அனுப்பிவைப்பது. இதற்குப் புதுச் செலவு ஒன்றும் இல்லை. இரண்டு பயிற்சியாளர்களும் உட்கார்ந்து பேசினால் போதும்.